லயத்துச் சுவரும் ஜன்னலும்

ஜன்னல் என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. பதினேழாம் நூற்றாண்டிலே சப்ரகமுவாவில் கோட்டை கட்டிப் பாளயமிறங்கிய அவர்கள் நாட்டைவிட்டுப் போய் முந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும், அச்சொல் தமிழிலும் சிங்களத்திலும் நிலைபெற்றுவிட்டது. சொல் இருந்த பிரதேசத்துக்கு, ரப்பரும் தேயிலையும் வளர்க்க வந்த நம் ஜனங்களிடம் அந்தப் பொருள் வந்துசேரத்தான் வெகுகாலம் பிடித்தது.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துப் பழைய லயங்களிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற பிரசித்தமான அளவுள்ள காம்பராவுக்கு முன்புறம் ஒரு கதவும் ஓர் இஸ்தோப்பும் உண்டு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின், பின்சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும், இரு பக்கச் சுவர்களுக்கு அப்பாலும் அயலாரே இருப்பர். ஆகையால் எந்தத் துரைக்கேனும் தயை பிறந்து, ஜனங்களுக்குக் காற்று வேண்டுமென்று தோன்றியிருந்தாலும், வெளியைத் தொடும் சுவர் ஒன்றே ஒன்றான அவ்வறையில் ஜன்னலை எங்கே வைப்பது? ஒரே கூரையின்கீழ் இரண்டு வரிசைக் குடும்பங்களை அடக்கிய சிக்கனந்தான் ஜன்னலை விழுங்கிற்று. விறகுப் புகை கதவு வழியே போனதுபோக மிச்சம் தகரத்திலே கரியாய்ப் படிந்தது. நெஞ்சிலே படிந்ததை யார் கணக்கெடுத்தார்?

புகையிரதம் இரத்தினபுரியை எட்டிய அதே 1912ஆம் ஆண்டில் பிறந்த வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையைத் துரைமார்மேல் சுமத்தியது. ஆயினும் சட்டம் பிறந்ததனால் நின்ற சுவர் திறந்துகொள்ளவில்லை. பின்சுவர் வெளியைப் பார்த்த ஒற்றை லயங்களிலேதான் பலகைக் கதவுடைய சிறு ஜன்னலுக்கு நியாயமாக இடம் கிடைத்தது.

1972லும் 1975லும் நடந்த நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தைச் சேர்ந்தன. 1992ல் நிருவாகம் பிரதேசக் கம்பனிகளுக்குப் போயிற்று. இத்தனை கைமாற்றத்திலும், லயத்துச் சுவரை இடித்து ஒரு நிலை வைக்க வேண்டுமானால் குடியிருப்பவன் தோட்டத்து அனுமதியை எதிர்பார்க்கவேண்டிய நிலைமை மட்டும் மாறவில்லை. நாலு தலைமுறை வாழ்ந்த சுவரிலே ஒரு துவாரத்துக்கு உத்தரவு கேட்பதைவிடப் பெரிய விநோதம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்று, கொழும்பிலே வேலைசெய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தால் உக்கிய பலகையைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் தள்ளுகண்ணாடி ஜன்னல் மாட்டுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் அது ஒரு வேளைக்குப் பாதிதான் திறக்கும்; வருஷத்தில் 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியிலே, சாரலுக்குப் பயந்து அந்தப் பாதியையும் மூடிவைத்தால் பழைய புழுக்கமே திரும்பிவரும். பலாப் பலகைக் கதவும் அதன்மேல் அகலமான இறவாரமும் இந்த மண்ணின் மழைக்கு ஏற்றவை என்பது என் அபிப்பிராயம். எதை வாங்கினாலும் சரி, வாசற்புறத்து அழகோடு நின்றுவிடாமல் குசினிச் சுவருக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.