கிளாசிக் கார்ல ஹீட்டர் சூடாகலையா? மேட்ரிக்ஸை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க!

பிரிட்டனில் ஒரு குளிர்காலக் காலை. 1970-களில் தயாரான மினி கார். சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, 20 நிமிஷம் ஓட்டியாச்சு. ஆனா ஹீட்டரைத் திறந்தா, ஆறிப்போன டீ மாதிரி வெதுவெதுன்னு ஒரு காத்துதான் வருது. 'பழைய கார்னா அப்படித்தான்'னு இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு ஓட்டுறவங்கதான் அதிகம்.

ஆனா, இது வெறும் குளிர் பிரச்னை இல்லை மக்களே! முன்கண்ணாடியில் படியும் ஈரத்தை விலக்குறதும் இதே ஹீட்டர்தான். கண்ணாடிகளில் ஈரப்படலம் இல்லாம சுத்தமா இருக்கணும்னு பிரிட்டனின் 'ஹைவே கோட்' சொல்லுது. 40 வயசைத் தாண்டின, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து அங்கே வருடாந்திர எம்ஓடி சோதனை கட்டாயம் இல்லை. அதனால, கார் சரியா இருக்கான்னு பார்க்குற பொறுப்பு முழுக்க ஓனர் தலையில்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1959-ல் அறிமுகமாகி 2000 வரை தயாரான கிளாசிக் மினியையே உதாரணமா எடுத்துக்கலாம். தண்ணீரால் குளிரும் இன்ஜின் உள்ள பெரும்பாலான பழைய கார்களுக்கும் இதே லாஜிக்தான்.

ஹீட்டர் எப்படி வேலை செய்யுது?

இன்ஜினைக் குளிர்விக்கும் அதே கூலன்ட்தான் உங்களுக்குச் சூட்டையும் தருது. இன்ஜினில் சூடான கூலன்ட், ரப்பர் குழாய் வழியா டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் குட்டி ரேடியேட்டருக்கு வரும். இதுக்குப் பேர்தான் 'ஹீட்டர் மேட்ரிக்ஸ்'. ஃபேன் தள்ளும் காத்து இதைக் கடந்து சூடாகி உள்ளே வரும்.

அப்போ கேள்விகள் மூணுதான். கூலன்ட் சூடாகுதா? அது மேட்ரிக்ஸ் வரை வருதா? அங்கிருந்து காத்து உங்ககிட்ட வந்து சேருதா? இதே வரிசையில் போனா, தேவையில்லாம டேஷ்போர்டைக் கழட்டுற வேலை மிச்சம்.

1. முதல்ல கூலன்ட் லெவல்

இன்ஜின் முழுசா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கணும். சூடா இருக்கும்போது திறந்தா, அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலேயே பீய்ச்சி அடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

லெவல் குறைஞ்சிருந்தா, ஊத்தி மூடிட்டுப் போயிடாதீங்க. அது எங்கே போச்சுன்னு கண்டுபிடிங்க. காலுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமா இருக்கா? உள்ளே இனிப்பான வாசனை வருதா? கண்ணாடியில் பிசுபிசுன்னு படியுதா? அப்படின்னா மேட்ரிக்ஸ் ஒழுகுது.

வெளியே ஒழுகலே தெரியலை, ஆனா லெவல் மட்டும் குறைஞ்சுகிட்டே போகுது, இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப்புகை நிக்கலைன்னா, ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு இருக்கு. உடனே மெக்கானிக்கிட்ட காட்டுங்க. அப்படியே ஓட்டினா இன்ஜினுக்கே ஆபத்து.

2. தெர்மோஸ்டாட் சரியா இருக்கா?

நல்லா ஓட்டின பிறகும் டெம்பரேச்சர் முள் கீழேயே படுத்திருந்தா, சந்தேகம் தெர்மோஸ்டாட் மேலதான். இது திறந்த நிலையில் மாட்டிக்கிட்டா கூலன்ட் ஆரம்பத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய் ஆறிடும். சில பழைய கார்களில் யாரோ எப்போதோ அதைக் கழட்டியே எறிஞ்சிருப்பாங்க!

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டரின் மேல் குழாயைக் கவனிங்க. நல்ல தெர்மோஸ்டாட்னா, குழாய் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாவே இருந்துட்டு அப்புறம் சட்டுனு சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெதுமெதுவா வெதுவெதுப்பானா, அது மூடலைன்னு அர்த்தம்.

மினிக்கு 74, 82, 88 டிகிரி செல்சியஸ்னு மூணு வகை தெர்மோஸ்டாட் கிடைக்குது. வெயில் காலத்துக்குன்னு போட்ட 74 டிகிரி இன்னும் உள்ளே இருந்தா, 82 அல்லது 88-க்கு மாத்தினாலே வித்தியாசம் தெரியும். கழட்டினதை நூலில் கட்டி, தண்ணீர் பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பில் வெச்சு, எந்தச் சூட்டில் திறக்குதுன்னு தெர்மாமீட்டரால் பார்த்துடலாம். சமையல் பாத்திரம் மட்டும் வேண்டாம்!

3. ரெண்டு குழாயையும் தொட்டுப் பாருங்க

டயக்னோசிஸோட ஹீரோ இந்த டெஸ்ட்தான். இன்ஜின் சூடான பிறகு ஹீட்டர் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிடுங்க. அப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, மேட்ரிக்ஸுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் ரெண்டையும் லேசா தொடுங்க. ரொம்ப சூடா இருக்கலாம், துணிக் கையுறை இருந்தா நல்லது.

• ரெண்டும் குளிர்ச்சி: கூலன்ட் வரவே இல்லை. வால்வு மூடியிருக்கலாம், ஏர் லாக் இருக்கலாம்.

• ஒண்ணு சூடு, இன்னொண்ணு ரொம்பக் குளிர்ச்சி: கூலன்ட் சொட்டுச் சொட்டாத்தான் போகுது. வால்வு பாதிதான் திறக்குது அல்லது மேட்ரிக்ஸ் அடைச்சிருக்கு. திரும்பி வரும் குழாய் கொஞ்சம் மட்டும் சூடு குறைஞ்சிருந்தா, அது இயல்புதான்.

• ரெண்டும் நல்ல சூடு: கூலன்ட் பக்கம் ஓகே. பிரச்னை காத்து வர்ற வழியில்.

4. வால்வு, ஏர் லாக், அடைப்பு

பல மினிகளில் ஹீட்டர் வால்வு சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கும். உள்ளே இருக்கும் குமிழை இழுத்தா, கேபிள் அதைத் திறக்கும். ஒரு ஃப்ரெண்டை உள்ளே உட்காரவெச்சு இழுக்கச் சொல்லி, நீங்க பானெட்டைத் திறந்து வால்வின் லீவர் முழுசா நகருதான்னு பாருங்க. கேபிள் நழுவியிருந்தா, திரும்ப இறுக்கினாலே போதும். செலவு பூஜ்யம்!

சமீபத்தில் கூலன்ட் மாத்தியிருந்தா, ஏர் லாக்கைச் சந்தேகப்படுங்க. ஆறின இன்ஜினில், வால்வைத் திறந்துவெச்சு, ஹீட்டரிலிருந்து திரும்பும் குழாயைக் கழட்டி, அதில் கூலன்ட் எட்டிப்பார்க்கும் வரை மெதுவா நிரப்பி மாட்டுங்க.

மேட்ரிக்ஸ் அடைப்புன்னா, ரெண்டு குழாயையும் கழட்டிட்டு, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசணும். குழாயை முழுசா திறந்துடாதீங்க. பழைய மேட்ரிக்ஸ் அழுத்தம் தாங்காம அங்கேயே ஒழுக ஆரம்பிச்சிடும். அப்புறம் ஆன்டிஃப்ரீஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்க. வெளியேறின கூலன்டைத் தரையில் விடாதீங்க. இனிப்பா இருக்கும் எத்திலீன் கிளைக்கால், நாய்க்கும் பூனைக்கும் குழந்தைகளுக்கும் விஷம்.

5. காத்து வர்ற வழி

ஃபேன் சுத்துதா, வேகமா சுத்துதா? மெதுவா சுத்தினா வயர் இணைப்பையும், எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்க. அடுத்து, வெளிக்காத்தைக் கொண்டுவரும் குழாய் கிழிஞ்சிருக்கா, காய்ஞ்ச இலை அடைச்சிருக்கான்னு பாருங்க. ஹீட்டர் பெட்டிக்குள் மேட்ரிக்ஸைச் சுத்தி இருக்கும் ஃபோம் உதிர்ந்துபோனா, காத்து மேட்ரிக்ஸைத் தொடாமலே பக்கவாட்டில் தப்பிச்சு வந்துடும். புது ஃபோம் ஒட்டினாலே சூடு கூடும்.

பீட்டில் வெச்சிருக்கீங்களா? இது உங்களுக்கு

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்ஜின் காத்தால் குளிர்வது. அதில் கூலன்டே கிடையாது. புகை போகும் எக்ஸாஸ்ட் குழாயைச் சுத்தி இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா வரும் காத்துதான் உள்ளே சூடு தருது. அது துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தா, கார்பன் மோனாக்சைடு நேரா கேபினுக்குள் வரலாம். இதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஓட்டும்போது தலைவலி, தலைச்சுத்தல், குமட்டல்னு வந்தா, உடனே நிறுத்தி வெளியே வந்து மருத்துவ உதவி தேடுங்க. எக்ஸ்சேஞ்சரைச் சரிபார்க்கும் வரை அந்தக் காரை ஓட்ட வேண்டாம்.

எந்தக் கார்னாலும் மூடின கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. திறந்த வெளியில், முதல் உறைபனி விழுறதுக்கு முன்னாடியே ஒரு ஞாயித்துக்கிழமை இந்த அஞ்சையும் வரிசையா பார்த்துடுங்க. பல நேரம் கேபிளை இறுக்குறதோ, புது தெர்மோஸ்டாட் போடுறதோ மட்டுமே போதும்!