கைப்பெட்டியில் அடங்கிய இசையரங்கம்

நல்லிசையை அதன் நயம் குன்றாமல் கேட்பதற்கு ஒரு காலத்தில் விசாலமான கூடம் வேண்டியிருந்தது. 1950களில் மேனாடுகளில் பரவிய ‘ஹை-ஃபை’ சாதனங்கள் வால்வுகளால் இயங்கின. சூடும் கனமும் மிக்கவை. இசைத்தட்டு இயந்திரம், வானொலி, ஆம்ப்ளிபயர் என ஒவ்வொன்றும் தனிப் பெட்டியாகும். இரு செவிகளுக்கும் உரிய ஒலியைத் தனித்தனியே பதியும் முறைக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் காப்புரிமை கோரினார். 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது ஒலிபெருக்கியும் இரண்டாயிற்று. பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று, ஓரறையில் குடியிருக்கும் நம்மனோர்க்கு இவையெல்லாம் எட்டாக் கனியே.

அக்கனியை எட்டச் செய்தவை இரண்டு. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், வால்வின் பருமனையும் சூட்டையும் போக்கியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட காஸெட், இசையை உள்ளங்கையில் அடக்கியது. ஆயினும் அதன் நாடா 4 மில்லிமீட்டர் அகலமும் இல்லாதது. நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே ஓடுவது. ஆதலின் இசையோடு இரைச்சலும் எழுந்தது.

இவ்விரைச்சலை அடக்கியவர் ரே டால்பி. யுனெஸ்கோ ஆலோசகராக 1963 முதல் 1965 வரை நம் நாட்டில் பணியாற்றியவர் அவர். பின்னர் லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். மெல்லிய உச்ச ஒலிகளைப் பதியும்போது உயர்த்தி, கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவது அவர் முறை. அவற்றோடு இரைச்சலும் தாழ்ந்துவிடும்.

1970களின் இறுதியில் ஜப்பானின் டெக்னிக்ஸ், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலமே உள்ள தனித்தனிப் பகுதிகளை வெளியிட்டது. வழக்கமான கருவிகளோ 43 சென்டிமீட்டர் அகலமுடையவை. 1980களில் இவ்வகைத் தொகுதி கைப்பிடியும் பேட்டரியும் பெற்று, பயணத்துக்கும் துணையாயிற்று.

எனினும், சுருக்க இயலாத ஒன்று எஞ்சி நின்றது: இரு ஒலிபெருக்கிகளுக்கும் இடையே வேண்டிய தூரம். ஒரே பெட்டியில் அவை நெருங்கியிருந்தால், வயலின் ஒருபுறமும் மிருதங்கம் மறுபுறமுமாக ஒலிக்கும் அந்த விரிவு மங்கிவிடும். ஆகவேதான் ஒலிபெருக்கிகளைக் கழற்றித் தள்ளி வைக்கும் வகையில் அமைத்தனர். ஒரு முழ அகலப் பெட்டி, வேண்டும்போது அறை முழுதும் விரிந்தது. மந்தர ஒலியில் மட்டும் பெரிய ஒலிபெருக்கிக்கு அது ஈடாகவில்லை. மிகுந்த காற்றை அசைக்கச் சிறிய கூம்பினால் இயலாதன்றோ?

1979-இல் வந்த சோனி வாக்மேன் வேறு வழி சென்றது. ஒலியைச் செவியருகே கொணர்ந்து தூரத்தையே நீக்கியது; ஆனால் அவ்வின்பம் அதனைச் செவியில் அணிந்தவரோடு நின்றது. சிறு ஸ்டீரியோவோ அறையிலிருந்த அனைவருக்கும் பாடியது. பெட்டி சிறுத்தும் அவை சிறுக்காமல் காத்ததே அதன் பெருமை எனலாம்.

பழங்கடையில் இத்தகைய கருவி இன்று கிடைப்பின், ரப்பர் பட்டை இளகியுள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். பின்னர் ஒலிபெருக்கிகளைக் கழற்றி, இரண்டு கஜ இடைவெளியில் வைத்து, நடுவே எதிரமர்ந்து கேளுங்கள்.