ரெமெரே பத்திரமும் அரை குழி நிலமும்

சென்ற ஆண்டு என் இளைய மகள் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கினாள். புதுச்சேரியில்தான். முதல் மாடி, 510 சதுர அடி. ஒரு படுக்கை அறை, ஒரு கூடம், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடித்துக்கொள்ளும் சமையலறை. விலை 26 லட்சம். அவளுக்கு வயது 34. தனியார் மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "வாடகையாக் கொடுக்கிற காசைத் தவணையாக் கட்டிட்டுப் போறேம்ப்பா" என்றாள். என் வைப்புத்தொகையிலிருந்து 4 லட்சம் எடுத்துக் கொடுத்தேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த மனையின் மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்று எனக்குப் பதினோரு வயது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கொடி மாறினாலும் சட்டம் உடனே மாறிவிடவில்லை. 1819 ஜனவரியில் இங்கே நடைமுறைக்கு வந்த நெப்போலியனின் சிவில் சட்டம்தான் வீடு, மனை விவகாரங்களுக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. இந்தியாவின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் பதிவுச் சட்டமும் 1968இல் வந்த 26ஆம் எண் சட்டத்தின் மூலம்தான் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. அதுவரை சொத்து வாங்குகிறவர், விற்கிறவர் எல்லோரும் நொத்தேரிடம் போவார்கள். அவர் பிரெஞ்சில் எழுதுவார். மூலம் அவரிடமே இருக்கும். நமக்குக் கிடைப்பது அவர் முத்திரையிட்ட நகல்.

1972இல் நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது இந்த நகல்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் மேசைக்கு ஒருவர் இருந்தோம். 2011இல் ஓய்வு பெற்றபோது அந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.

மகள் வாங்கிய கட்டடம் நிற்கும் மனை 1 ஆர் 60 சென்டியார். புதுச்சேரிக் கணக்கில் 3 குழி. ஒரு குழி 576 சதுர அடி. அதில் மூன்று தளம், ஆறு ஃபிளாட். ஆக என் மகளுக்கு வரும் பிரிபடாத பங்கு அரை குழி. மனையின் சொந்தக்காரர் குடும்பம் 1957இல் அதை வாங்கி, பிறகு யாருக்கும் விற்காமல் வைத்திருந்து, கட்டடம் கட்டுபவரோடு கூட்டுச் சேர்ந்து இப்போது விற்கிறது. இடையில் வேறு கிரயமே இல்லாததால் எல்லாமே அந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரத்தின் மேல் நின்றது.

கட்டடம் கட்டுபவர் யாரிடமோ கொடுத்து அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வங்கிக்குக் கொடுத்திருந்தார். வங்கியின் சட்ட ஆலோசகர் அதைப் படித்துவிட்டு, இது கிரயமே இல்லை, அடமானம். அடமானம் தீர்ந்ததற்கான ரத்துப் பத்திரம் வந்தால்தான் கடன் என்று எழுதிவிட்டார். ஒப்பந்தத்தில் 60 நாள் கெடு. அதில் 23 நாள் போய்விட்டது. தவறினால் மகள் கொடுத்த 2 லட்சம் முன்பணம் திரும்பாது. மகள் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் நகலை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. 'வாந்த் அ ரெமெரே'. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரெமெரே என்பது மீட்கும் உரிமையோடு கூடிய விற்பனை. சிவில் சட்டத்தின் 1659ஆம் பிரிவிலிருந்து 1673 வரை அதற்காகவே. பணம் வேண்டியவன் வீட்டை விற்கிறான். வாங்கிய விலையையும் செலவையும் குறித்த காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் வீடு அவனுக்கே திரும்பும். அந்தக் காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதை நீட்டித்துக் கொடுக்க நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. கெடு தாண்டிவிட்டால் வாங்கியவன் நிரந்தர உடைமையாளன். ஏலமும் இல்லை, வழக்கும் இல்லை. கெடு மைனருக்கும் சேர்த்தே ஓடும் என்று 1663ஆம் பிரிவு சொல்கிறது.

கடன் கொடுப்பவர்களுக்கு இது ஏன் பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை. ஹிப்போத்தேக் என்கிற முறையான அடமானம் என்றால் கடன் வசூலுக்கு நீதிமன்றம் போக வேண்டும், ஏலம் விட வேண்டும், மீதி இருந்தால் திருப்பித் தர வேண்டும். ரெமெரேயில் அந்தத் தொல்லை இல்லை. வட்டி என்ற சொல்லும் பத்திரத்தில் வராது. விற்றவனே தன் வீட்டில் வாடகைக்கு இருப்பான். அந்த மாத வாடகைதான் வட்டி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர் 22 கிலோமீட்டர்தான். அங்கே இதே ஏற்பாட்டை ஒருவர் ஒரே பத்திரத்தில் எழுதி, அது நிபந்தனை விற்பனை வகை அடமானம்தான் என்று நீதிமன்றம் கருதினால், கெடு தாண்டியதால் மட்டும் வீடு போய்விடாது. அந்நாளைய இந்திய காலவரையறைச் சட்டத்தில் அடமானத்தை மீட்க 60 ஆண்டு அவகாசம் இருந்தது. எங்களுக்கு ஐந்து ஆண்டு. வங்கி வழக்கறிஞர் படித்தது கடலூர்ச் சட்டம். மொழிபெயர்ப்பாளரும் அந்தச் சட்டத்துச் சொல்லைத்தான் போட்டிருந்தார். அதனால்தான் குழப்பம்.

இனி என் தாத்தா கதை.

தாத்தா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். முதலியார்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்று சொந்தமாக இருந்தது. 1949இல் அத்தை கல்யாணத்துக்காக அந்த வீட்டை 600 ரூபாய்க்கு ரெமெரே எழுதிக் கொடுத்தார். மாதம் 9 ரூபாய் 'வாடகை' கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருந்தார்கள். நான் பிறந்ததும் அங்கேதான். 1954இல் கெடு முடிகிற சமயம் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது; எல்லையில் கெடுபிடி, வேலை ஒழுங்காக இல்லை. எப்படியோ 600 ரூபாயைச் சேர்த்துக்கொண்டு கெடுவுக்கு நாலு நாள் முன்னதாகவே வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். "பத்திரச் செலவு, ஓடு மாற்றின செலவு எல்லாம் சேர்த்து இன்னும் 70 ரூபாய் கொண்டு வா" என்று அவர் சொல்லியிருக்கிறார். சட்டப்படி அவர் கேட்டது தவறில்லை; 1673ஆம் பிரிவு அந்தச் செலவுகளையும் சேர்த்துத்தான் கேட்கிறது. தாத்தா 70 ரூபாய் புரட்டிக்கொண்டு திரும்பிப் போனபோது கெடு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வாடகை வீடுதான். பாட்டி சாகும்வரை அந்தத் தெரு வழியாகப் போகமாட்டாள். கோயிலுக்குச் சுற்றிக்கொண்டு போவாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நொத்தேர் அலுவலகத்தில் பழுத்த குமாஸ்தா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த நாலு நாளுக்குள்ள ஒரு உய்சியேவை விட்டு, மீட்கப் போறேன்னு எழுத்திலே அறிவிச்சிருந்தாக்கூட வழக்குப் போட்டுப் பார்த்திருக்கலாமே தம்பி" என்றார். உய்சியே என்றால் நீதிமன்ற அமீனா. தாத்தாவுக்கு அது தெரியாது. பத்திரம் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்பா ஒருமுறை சொன்னார்.

மகள் விவகாரத்துக்கு வருகிறேன். வங்கிக் கடன் கிடைக்க நான் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: 1957 மார்ச்சில் இந்த மூன்று குழியை ரெமெரே எழுதிக் கொடுத்தவர், 1962 மார்ச்சுக்குள் அதை மீட்கவில்லை.

எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். கைம்பெண், வயது 38, மூன்று மைனர் பிள்ளைகள். தாய்வீட்டுச் சீதனமாக வந்த மனை. விலை 900 ரூபாய். மொழிபெயர்ப்பவர் ஒருவர் பத்திரத்தைத் தமிழில் படித்துச் சொன்னதாகவும், அந்த அம்மாள் கையெழுத்துப் போடத் தெரியாது என்று அறிவித்ததாகவும் கடைசிப் பக்கத்தில் வழக்கமான வாசகம். இந்த வாசகத்தை நான் நூற்றுக்கணக்கான பத்திரங்களில் பார்த்திருக்கிறேன். அன்று அதைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது.

சொந்தக்காரர் குடும்பத்துப் பெரியவர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாமல் அப்பா காலத்துக் காகிதம் எல்லாவற்றையும் வைத்திருந்தார். நல்லதாகப் போயிற்று. 1962க்குப் பிந்தைய வீட்டு வரி ரசீதுகள் அவர் அப்பா பெயரில் இருந்தன. மறு அளவைக்குப் பிறகு வந்த பட்டாவும் அப்படியே. அடியில் மடித்து மடித்து மஞ்சளாகிப் போன ஒரு தாள்: 1962 ஏப்ரலில் உய்சியே கொடுத்த அறிவிப்பு. கெடு முடிந்துவிட்டது, பணம் செலுத்தப்படவில்லை, வீட்டைக் காலி செய்யவும். அந்த அம்மாள் கையிலேயே நேரில் கொடுக்கப்பட்டது என்று அதில் குறிப்பு.

என் வேலைக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதை மேசையில் விரித்து வைத்து, நான்கு பக்கத்துக்குப் புது மொழிபெயர்ப்பு எழுதினேன். ஒவ்வொரு பிரிவையும் எண் போட்டு விளக்கினேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்தவள், நான் எழுதாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டாள். "யாரோ ஒரு அம்மா வீட்டைத் திரும்ப வாங்கலைன்னு சாட்சி எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன். அவளுக்கு எங்கள் முதலியார்பேட்டைக் கதை மனப்பாடம். "மகளுக்காகத்தானே எழுதறீங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வங்கி வழக்கறிஞர் இளைஞர், மரியாதையானவர். "ஐயா, அந்த அம்மாள் கெடுவுக்குள் இறந்திருந்து வாரிசு மைனர் என்றால்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 1663ஐக் காட்டினேன், உய்சியே தாளையும் காட்டினேன், அவர் உயிரோடு இருந்து கையில் வாங்கியிருக்கிறார். 1968இல் புதிய சட்டம் வந்ததால் பழைய உரிமை திரும்ப உயிர் பெறாதா என்றும் கேட்டார். 1962இலேயே முடிந்துபோன விஷயம் அது என்றேன். பத்து நாளில் அவருடைய கருத்துரை மாறி வந்தது. கெடுவுக்கு ஆறு நாள் முன்னதாகப் பதிவு நடந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் கட்டைவிரலுக்கு மை. இப்போது கண்ணாடிமேல் விரலை வைத்தால் போதும். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

கடன் 20 லட்சம், 240 தவணை, மாதம் 17,000 ரூபாய்க்குச் சற்று மேல். வங்கியின் தாள்களை அவளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். மூன்று மாதம் தவணை தவறினால் வாராக் கடன். பிறகு 60 நாள் அறிவிப்பு. அதற்கும் பணம் கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டை எடுத்து விற்கலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் விற்றதில் மீதி இருந்தால் அவளுக்குத் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரு வரியின் அடியில் கோடு போட்டுக் காட்டினேன். ஆறு மாதத் தவணைக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கச் சொன்னேன். போட்டிருக்கிறாள், பாஸ்புக்கை நானே பார்த்தேன்.

இடையில் ஒரு சுவையான விஷயம். ஃபிளாட் என்பதை நாம் ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைக்கிறோம். 1804இல் எழுதிய சிவில் சட்டத்திலேயே 664ஆம் பிரிவு, ஒரு வீட்டின் ஒவ்வொரு மாடியும் வேறு வேறு ஆளுக்குச் சொந்தமாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்கிறது. தாங்கும் சுவரும் கூரையும் எல்லோர் செலவு. தான் நடக்கும் தளம் அவரவர் செலவு. முதல் மாடிக்காரர் தன் மாடி வரைக்கும் படிக்கட்டுக் கட்ட வேண்டும். அங்கிருந்து மேலே போகும் படிக்கட்டு இரண்டாம் மாடிக்காரர் பொறுப்பு. பிரான்சில் 1938இல் இதை நீக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். மகள் கட்டடத்தில் படிக்கட்டு விளக்குச் செலவை யார் கொடுப்பது என்று முதல் மாதமே சண்டை வந்தபோது இதைச் சொன்னேன். "அப்பா, தயவுசெஞ்சு இதைக் கூட்டத்தில வந்து சொல்லிடாதீங்க" என்றாள்.

பால் காய்ச்சிய அன்று எல்லோரும் போன பிறகு கோப்பை எடுத்து அலமாரியில் வைக்கும்போது, என் மொழிபெயர்ப்பை மகள் புரட்டிக்கொண்டிருந்தாள். "இந்த அம்மாவுக்கு மூணு பிள்ளைங்கன்னு போட்டிருக்கே, அப்புறம் எங்கப்பா போனாங்க?" என்று கேட்டாள். பத்திரத்தில் அது இல்லை என்றேன். அவள் அந்த நகலையும் உய்சியே தாளின் நகலையும் தன்னுடைய கிரயப் பத்திரத்தோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு வைத்தாள்.