வயசானவங்களுக்கு இத்தனை மாத்திரை தேவையா? டாக்டரிடம் கேட்க வேண்டியது என்ன?

பி.பி.க்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, மூட்டுவலிக்கு ஒன்று, அந்த மாத்திரையால் வயிறு எரியாமல் இருக்க இன்னொன்று, தூக்கத்துக்கு ஒன்று. பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் மாத்திரை டப்பா நிரம்பித்தான் இருக்கிறது. எல்லாமே இப்பவும் தேவைதானா?

வயசானால் என்ன மாறுது?

வயது ஏற ஏற சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை வெளியேற்றும் வேகம் குறையும். 40 வயதில் ஒத்துப்போன அதே டோஸ், 75 வயதில் உடம்பில் அதிக நேரம் தங்கலாம். தலைசுற்றல், மறதி, தடுமாறி விழுவது எல்லாம் இதனால் வரலாம். நாமோ 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம்.

மாத்திரைக்கு ஒரு மாத்திரை

பி.பி.க்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தை உண்டாக்கும். அதைப் புது நோய் என்று நினைத்து நீர் பிரியும் மாத்திரை சேர்த்தால், ராத்திரியில் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிவரும். இருட்டில் விழுந்து எலும்பு முறியவும் வாய்ப்பு உண்டு. வெவ்வேறு டாக்டர்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம்.

எதில் கவனம் தேவை?

1991-ல் அமெரிக்க டாக்டர் மார்க் பீர்ஸ் குழு வெளியிட்ட 'பீர்ஸ் பட்டியல்' 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது எச்சரிக்கும் மருந்துகளில் சில:

▪ அல்பிரசோலம், டயாசெபம்: மறதி, கீழே விழும் ஆபத்து

▪ சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின்: குழப்பம், மலச்சிக்கல்

▪ கிளிபென்கிளமைடு: சுகர் ரொம்ப இறங்கிவிடும்

▪ டைக்ளோஃபினாக் நீண்ட நாள் எடுத்தால்: வயிற்றில் ரத்தக்கசிவு

▪ பான்டோபிரசோல் போன்றவை: தகுந்த காரணம் இல்லாமல் 8 வாரத்துக்கு மேல் வேண்டாம்

குறைக்க முடியுமா?

முடியும் என்கிறது அயர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு. 21 குடும்ப டாக்டர் கிளினிக்குகளில், பொருத்தமில்லாத மருந்து எடுத்துவந்த 196 முதியவர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதி டாக்டர்களுக்கு மருந்தாளுநர் நேரில் விளக்கம் தந்தார். அவர்கள் நோயாளியை உட்காரவைத்து, மருந்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். முடிவில் இந்தப் பிரிவில் 52 சதவீதம் பேரிடம்தான் பொருத்தமில்லாத மருந்து மிச்சம் இருந்தது. வழக்கமான சிகிச்சை தொடர்ந்த பிரிவில் அது 77 சதவீதம். அதிகம் குறைந்தது, வயிற்று அமிலத்துக்கான மாத்திரைகள்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டு மட்டும் போதாது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் எடுத்துப் போங்க. கடையில் நீங்களே வாங்கியது, சித்தா, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்துக்கோங்க. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்க: இது எதுக்கு? இன்னும் எவ்வளவு நாள்? நிறுத்தவோ குறைக்கவோ முடியுமா?

பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் அதே மாத்திரையை வாங்குவதைத் தவிர்க்கவும்.

முக்கியம்: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரை, சில பி.பி., இதய மருந்துகளைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்கணும்.