மெக்காலன் வழக்கும் குருக்களின் மௌனமும்

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் நாள், ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை அடுத்த மெக்காலன் நகரில், ஐரீன் கார்சா என்னும் 25 வயது பள்ளி ஆசிரியை பாவசங்கீர்த்தனம் செய்யும்படி திரு இருதய ஆலயத்துக்குச் சென்றார். வீடு திரும்பவில்லை. ஐந்து நாட்களுக்குப்பின் அவரது சடலம் கால்வாயில் கிடைத்தது. பலவந்தம் செய்யப்பட்டு, மூச்சடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அவரது பாவ அறிக்கையைக் கேட்டவர் ஜான் ஃபைட் என்னும் 27 வயதுக் குருவானவர். பண்டிகைக் கால ஆராதனைகளுக்கு உதவியாக வந்திருந்தவர். ஆலயத்திலன்று, குருமனையிலேயே அவ்வறிக்கையைக் கேட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். அவர் கைகளில் கீறல்கள் இருந்தன. கால்வாய் நீரை வடித்தபோது, புகைப்பட வில்லைகளைப் பார்க்கும் சிறு கருவியொன்று அகப்பட்டது. அது தம்முடையது என்றார் ஃபைட். இதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் பக்கத்து ஊராகிய எடின்பர்க் ஆலயத்தில் ஓர் இளம்பெண் தாக்கப்பட்டிருந்தாள். அவ்வழக்கில் ஃபைட் குற்றஞ்சாட்டப்பட்டார். 1961-இல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1962-இல் குறைக்கப்பட்ட குற்றச்சாட்டை அவர் எதிர்க்காது விட, 500 டாலர் அபராதத்தோடு காரியம் முடிந்தது. கொலைக்கோ வழக்கே தொடரப்படவில்லை.

57 ஆண்டுகளுக்குப்பின், 2017 டிசம்பர் 7-ஆம் நாள் ஃபைட் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மறுநாள் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. துலங்காத வழக்கு துலங்கிற்று என்று பலரும் எழுதினர். அச்சொல்லை ஏற்க நாம் தயங்குகிறோம். மேலே கூறியவை யாவும் அந்நாளிலேயே அறியப்பட்டவை. துலங்காதிருந்தது வழக்கன்று, துலங்கியதை வெளியே சொல்லத்தான் ஆளில்லை.

ஏன் இல்லை? பாவசங்கீர்த்தன முத்திரையே தடை என்று எண்ணுவோர் உண்டு. இங்கே வரலாற்றைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், விசுவாசி ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறையேனும் பாவ அறிக்கை செய்யவேண்டும் எனக் கட்டளையிட்ட அதே விதியில், கேட்டதை வெளியிடும் குருவைப் பதவியினின்று நீக்கி, ஆயுள் முழுவதும் தவஞ்செய்யும்படி கடுமையான மடமொன்றில் அடைக்கவும் கட்டளையிட்டது. இங்கிலாந்து திருச்சபையும் 1603-ஆம் ஆண்டின் 113-ஆம் விதியில் இவ்விரகசியத்தைக் காத்தது; ஆயினும், மறைத்தால் குருவின் உயிருக்கே நாட்டுச் சட்டப்படி ஆபத்து வரத்தக்க குற்றங்களை அது விலக்கிவைத்தது. முத்திரை பாவியைக் காப்பதற்கென ஏற்பட்டது. அவன் மனந்திரும்ப அஞ்சாதிருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

மெக்காலன் வழக்கில் காக்கப்பட்டது வேறொன்று. 1963-இல் ஃபைட் மிசௌரி மாநிலத்திலுள்ள டிராப்பிஸ்ட் துறவியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். (லாத்தரன் சங்கம் இரகசியத்தை வெளியிட்ட குருவுக்கு விதித்த இடம் கொலை செய்தவருக்கு அடைக்கலமாயிற்று.) அங்கே புதியவர்களைப் பயிற்றுவித்த டேல் டாச்செனி என்னும் துறவியிடம், தாம் ஒரு பெண்ணைக் கொன்றதை ஃபைட் கூறினார். அது திருவருட்சாதனமாகச் செய்த அறிக்கையன்று. ஆத்தும ஆலோசனையில் நடந்த உரையாடல். ஃபைட் துறவுக்கு ஏற்றவரா என்று கண்டறிவதே அன்று தமக்கு விதிக்கப்பட்ட வேலை என்று டாச்செனி பிற்காலத்தில் விளக்கினார். கொலையுண்டவளின் பெயரைக்கூட அவர் அறிந்திருக்கவில்லை. மெக்காலன் குருமனையிலிருந்த ஜோசப் ஓப்ரையனும் உண்மையை அறிந்திருந்தார்.

1960 கென்னடி குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டு. ஒரு கத்தோலிக்கர் அப்பதவிக்கு வரலாமா என்று நாடே விவாதித்த வேளையில், கொலைகாரக் குரு என்ற செய்தி சபைக்குக் கேடாகும் என்னும் அச்சமே மூடிமறைக்கக் காரணம் என்று அரசுத் தரப்பினர் 2017-இல் வாதிட்டனர். அவ்வச்சத்தைத் தூண்டியதில் சீர்திருத்தச் சபையாராகிய நமக்கும் பங்குண்டு. கென்னடிக்கு எதிரான பிரசங்கங்கள் எங்கள் மேடைகளிலிருந்துதானே எழுந்தன! ஊழியனின் குற்றத்தை இடமாற்ற உத்தரவால் தீர்க்கும் வழக்கமும் உரோமாபுரிக்கு மாத்திரம் உரியதல்ல.

அவ்வழக்கத்தின் கனி விரைவிலேயே கண்டது. ஃபைட் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தவறிய குருக்களைச் சீர்ப்படுத்தும் நிலையத்துக்குச் சென்று, அங்கேயே பொறுப்பாளருமானார். சிறுவர்களுக்குக் கேடு செய்த ஜேம்ஸ் போர்ட்டர் என்னும் குருவை மீண்டும் சபைப்பணிக்கு அனுப்பியதில் அவருக்கும் பங்கிருந்தது. 1972-இல் குருத்துவத்தை விட்டு, மணஞ்செய்து, அரிசோனாவில் வாழ்ந்தார்.

டாச்செனி 1967-இல் மடத்தை விட்டார். உறுத்திய மனச்சாட்சியோடு 2002-இல் காவல்துறையை அணுகினார்; ஓப்ரையனும் விசாரணையாளரிடம் பேசினார். 2004-இல் காரியம் ஜூரிகள்முன் வைக்கப்பட்டபோது இவ்விருவரும் சாட்சியாக அழைக்கப்படவில்லை, வழக்கு எழவில்லை. மறு ஆண்டு ஓப்ரையன் மரித்தார். 2014 தேர்தலில் மாவட்ட அரசு வழக்குரைஞர் மாறிய பின்னரே, 2016 பிப்ரவரியில் ஃபைட் கைதானார். அப்போது அவருக்கு வயது 83.

டாச்செனி முதிர்வயதில் சாட்சிக்கூண்டில் ஏறி, மடத்தில் தாம் கேட்டதைச் சொன்னார். ஐரீனின் பெற்றோர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டனர். ஃபைட் 2020 பிப்ரவரியில் சிறைக்கைதியாகவே காலமானார்.