கண்ணிலும் விளக்கெண்ணெய், எஞ்சினிலும் விளக்கெண்ணெய்

போன மாசம் நண்பர் ஒருத்தர் தன்னோட செகண்ட் ஹேண்ட் டர்போ ஸ்போர்ட்ஸ் காரோட வந்து நின்னார். "வாங்க, வத்தல்மலை வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்." தர்மபுரி வெயில்ல கிளம்பி மலையேறினோம். கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர். எஞ்சின் உறுமுது, ஆனா வேகம் முப்பதைத் தாண்டல. தண்ணிச் சூடு காட்டுற முள் நடுவுலயே சமத்தா நிக்குது. நண்பர் குஷியா மிதிக்கிறார். எனக்குக் கண்ணெல்லாம் பக்கத்துல இருந்த ஆயில் மீட்டர்ல. 110... 118... 127...

"பாஸ், ஓரங்கட்டுங்க!"

"தண்ணி சரியாத்தானே இருக்கு?"

அங்கதாங்க மேட்டரே. தண்ணிச் சூட்டை தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் ஒரே அளவுல வச்சிருக்கும். கிராங்க், பேரிங், டர்போ எல்லாத்தோட சூட்டையும் நேரா வாங்குறது ஆயில்தான். மலையில எஞ்சின் சுத்துற சுத்துக்கு வண்டி ஓடுறதில்ல, அதனால ஆயில் கூலருக்குக் காத்தும் போதாது. ஆயில் நீர்த்துப் போனா இரும்பும் இரும்பும் உரசும். அப்புறம் எஞ்சினையே பிரிச்சு மேய வேண்டியதுதான்.

நிறுத்தினதும் சாவியைத் திருகப் போன நண்பர் கையைப் பிடிச்சேன். உடனே ஆஃப் பண்ணினா டர்போவுல நிக்கிற ஆயில் அங்கேயே கருகும். சும்மா ஐடிலிங்ல விட்டோம். முள் மெதுவா இறங்க ஆரம்பிச்சுது.

காத்திருந்த இடத்துல ரோட்டோரம் ஒரு ஆமணக்குச் செடி. சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா இதே பிரச்சினைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி கிடைச்ச மருந்து அதுதான்!

1899ல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் ஒரு எண்ணெய் கம்பெனி ஆரம்பித்தார். 1909ல் எஞ்சின் ஆயிலில் விளக்கெண்ணெயைக் கலந்து விற்க, காஸ்டர் ஆயில் சுருங்கி 'காஸ்ட்ரால்' என்ற பெயர் பிறந்தது. விளக்கெண்ணெயில் பெரும்பங்கு ரிசினோலிக் அமிலம். அது உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும், சூட்டிலும் படலம் சட்டென்று அறுந்து போகாது.

முதல் உலகப்போர் விமானங்கள் பலவற்றில் புரொப்பல்லரோடு எஞ்சினே சேர்ந்து சுற்றும். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதற்கும் விளக்கெண்ணெய்தான். உள்ளே போன எண்ணெய் புகையாக வெளியே போய்விடும், திரும்பி வராது. அந்தப் புகையைக் குடித்த பைலட்டுகளுக்கு வயிறு என்ன பாடுபட்டிருக்கும்னு நம்ம வீட்டுப் பாட்டிகளைக் கேட்டா தெரியும் :-)

ரேஸ் கார்களும் ரொம்ப வருஷம் இதில்தான் ஓடின. ஒரே குறை, சூடுபட்டால் பிசின் மாதிரி படியும். ரேஸ் முடிஞ்சதும் வடிச்சுக் கொட்டணும். 1950களில் மல்டிகிரேடு ஆயில் பரவியது. 1970களில் சிந்தெட்டிக் கடைக்கு வந்தது. விளக்கெண்ணெய் பழையபடி மருந்து டப்பாவுக்குத் திரும்பிடுச்சு.

ஆனா ஆயில்தான் முதல்ல கவனிக்க வேண்டிய ஆள்ங்கிறது மாறல. போர்ஷே 911ல 1964லிருந்து 1998 வரைக்கும் ரேடியேட்டர் தண்ணியே கிடையாது. காத்தும் ஆயிலும்தான் குளிரூட்டி. அதனால ஓட்டுறவர் பார்க்க வேண்டிய சூடே ஆயில் சூடுதான்.

நமக்கான கணக்கு எளிது. 80 டிகிரி வர்ற வரைக்கும் மிதிக்காதீங்க, ஆயில் இன்னும் கெட்டியாத்தான் இருக்கும். 90லிருந்து 110 சௌகரியம். 130ஐ நெருங்கினா காலை எடுங்க. சூடான ஆயில்ல ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் அது கெட்டுப்போற வேகம் சுமார் ரெண்டு மடங்காகும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், மேனுவலைப் பாருங்க.

முள் நூறுக்கு வந்ததும் மிதமா மிதிச்சு மேலே போய்ச் சேர்ந்தோம். இப்பல்லாம் நண்பர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஆயில் மீட்டரைப் பார்க்கிறார். இனிமே யாராவது உங்களை "போடா விளக்கெண்ணெய்"னு திட்டினா கோவப்படாதீங்க. அது ரேஸ் ஓடின எண்ணெய்!