மரமேற்றப் பயிற்சியும் உயர மீட்பும்

பனை, தென்னை போன்ற கிளையற்ற மரங்களில் பாதுகாப்பாக ஏறி இறங்கவும், மேலே சிக்கிக்கொண்டவரைக் காயமின்றிக் கீழே கொண்டுவரவும் கற்பிப்பது மரமேற்றப் பயிற்சி எனப்படுகிறது. தென்னிந்தியாவில் நெடுங்காலம் இது தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற குடும்பத் தொழிலறிவாகவே இருந்தது. வகுப்பும் சான்றிதழும் கொண்ட பயிற்சியாக அது பரவலாக மாறியது 2011க்குப் பிறகுதான்.

தளைநார்க் காலம்

தென் தமிழ்நாட்டுப் பனையேறிகளின் கருவிகள் மிகச் சில. இரு பாதங்களையும் இணைக்கும் தளைநார், அடிமரத்தில் சாய்த்து முதல் சில அடிகளைத் தாண்ட உதவும் முருக்குத்தடி, இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி, பாளையை நசுக்கும் இடுக்கி, பதநீர்க் கலயம் ஆகியவை. இவற்றில் விழாமல் காக்கும் கருவி என்று ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தளைநார் பாதங்களை மரத்தோடு பிடிக்கச் செய்யும். கை நழுவினால் ஆளைத் தாங்காது.

ஆகவே காப்பு முழுவதும் பழக்கத்தில் இருந்தது. சிறுவர்கள் முதலில் வடலிகளில் ஏறிப் பழகினர். காய்ந்த மட்டையைப் பிடிக்கக் கூடாது, மழையில் நனைந்த மரத்தில் அவசரப்படக் கூடாது, குளவிக்கூடு உண்டா என்று கீழிருந்தே பார்க்க வேண்டும் என்பன போன்ற விதிகளை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அவற்றை மீறியவர் பலமுறை மீற முடிந்ததில்லை. பருவத்தில் ஒருவர் 30 முதல் 40 மரங்கள்வரை காலையும் மாலையும் ஏறுவார். எனவே களைப்பும் ஆபத்துகளில் ஒன்று. ஏறுபவரின் மார்பிலும் முன்கையிலும் உள்ள காய்ப்பைக் கொண்டே அவரது அனுபவத்தைச் சொல்லிவிடலாம் என்பர்.

கருவியும் ஆறு நாள் வகுப்பும்

உழைப்பின் கடுமை, குறைந்த வருமானம், தொழிலோடு ஒட்டியிருந்த சாதி இழிவு ஆகியவற்றால் அடுத்த தலைமுறை மரத்தை விட்டு விலகியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை வந்ததும் பனைத்தொழிலைப் பாதித்தது. கேரளத்தில் 45 நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டிய தேங்காய், ஆளில்லாமல் மரத்திலேயே நின்றது.

கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் உருவாக்கிய ஏறுகருவி இந்த நிலையில்தான் முக்கியத்துவம் பெற்றது. இரண்டு இரும்புச் சட்டங்கள்; ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் கம்பிவடம், ஒரு மிதி, ஒரு கைப்பிடி. வலதும் இடதுமாக மாற்றி மாற்றி உயர்த்தினால் நின்றபடியே மேலே செல்லலாம். மிதியில் உடல் எடை அழுந்தும்போது வடம் மரத்தை இறுக்கிக்கொள்ளும். உட்கார்ந்தபடி ஏறும் மாதிரிகள் கோயம்புத்தூரில் உருவாயின.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் ஆறு நாள் பயிற்சியைத் தொடங்கியது. ஏற்றத்தோடு குருத்தைத் துப்புரவு செய்தல், காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு ஆகியவற்றை அடையாளம் காணுதல் ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. முடித்தவர்களுக்குக் கருவி இலவசமாக வழங்கப்பட்டது. பரம்பரைத் தொழிலாளர் அல்லாத இளைஞர்களும் பெண்களும் ஏறக் கற்றனர். சாதி அடையாளத்திலிருந்து தொழில் பிரிந்து நின்றதே இப்பயிற்சியின் பெரிய சாதனை எனலாம். ‘கேர சுரக்ஷா’ என்னும் விபத்துக் காப்பீடும் உடன் வந்தது.

பனைக்கு இக்கருவி அவ்வளவாக உதவவில்லை. தேங்காய் பறிப்பவர் கொண்டைக்குக் கீழே நின்று வெட்டிவிட்டு இறங்கலாம். பதநீர் இறக்குபவரோ மட்டைகளுக்கு நடுவே ஏறி அமர்ந்து பாளையைச் சீவ வேண்டும். பழகியவருக்குத் தளைநாரே விரைவானது.

மேலே சிக்கியவரை மீட்டல்

கருவி புதிய வகை விபத்தையும் கொண்டுவந்தது. தளைநாருடன் மயங்கியவர் விழுவார். நின்று ஏறும் கருவியில் மயங்கியவரோ, பாதங்கள் மிதியில் மாட்டிக்கொள்வதால், பின்புறமாகச் சாய்ந்து தலைகீழாகத் தொங்குவார். பாதுகாப்புப் பட்டை கட்டாமல் ஏறுவதே இதற்கு முதன்மைக் காரணம். பட்டை உடலை மரத்தோடு அணைத்து நிறுத்தும். ஆனால் பட்டையில் அசைவின்றித் தொங்குவதும் நீண்டநேரம் தாங்கத்தக்கதன்று. கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம்.

கிளையுள்ள மரத்தில் உயரமான கவட்டில் கயிற்றைப் போட்டு ஆளை இறக்கலாம். தென்னையில் கவடு கிடையாது. இன்னொருவர் ஏறித்தான் ஆக வேண்டும். அவர் முதலில் மயங்கியவரின் தலையை நிமிர்த்தி, உடலை மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மேலே தண்டைச் சுற்றி வலுவான வடக்கண்ணி ஒன்றைக் கட்டி, அதன் வழியே கயிற்றைச் செலுத்தி, கயிற்றின் மறுமுனையைக் கீழே ஒரு மரத்தில் சுற்றிப் பிடித்துச் சிறிது சிறிதாக விட வேண்டும். கட்டி முடிக்குமுன் பாதங்களை மிதியிலிருந்து விடுவித்தால் ஆள் விழுந்துவிடுவார். தரைக்கு வந்தவர் மூச்சு விடுகிறாரா என்பதே முதல் சோதனை. விழுந்தவராயின் தோளில் தூக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் கிடத்தியே கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் கீழே ஒருவர் இருந்தாக வேண்டும். இருவராகச் சென்று ஒருவர் ஏற, மற்றவர் கயிறும் இரண்டாவது கருவியுமாக நிற்பதே சரியான முறை. ஆனால் கூலி மரத்துக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், கீழே நிற்பவருக்குக் கூலி கொடுக்கத் தோட்டக்காரர்கள் எளிதில் இசைவதில்லை.